மூவரில் ஒருவர் அடித்த குற்றப்பத்திரம்

அண்ணை,

இன்று வேலை முடிந்து வந்து தபால் பெட்டியைத் திறந்தபோது என் பெயருக்கு ஒரு துண்டு கிடந்தது. பதிவுத் தபால் வந்திருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை, ஏழு நாளுக்குள் வந்து எடுக்கவும் என்று அதில் இருந்தது. குளியலறைக் குழாய் மாற்றுவது பற்றி வீட்டு நிர்வாகம் அனுப்பிய கடிதமாகத்தான் இருக்கும். கீழ்வீட்டுப் போர்த்துக்கீசப் பெண்ணுக்கும் அதே துண்டு வந்திருந்தது. எல்லாம் தெரிந்தும், மாடிக்கு ஏற மனம் வராமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு வந்ததும் இதே மாதிரித் துண்டுதான். எங்கள் ஆட்களில் பலர் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, ஏழாம் நாள்வரை பயந்துகொண்டே இருப்பார்கள். நீங்கள் அப்படி இல்லை. அடுத்த நாளே தொழிற்சாலையிலிருந்து நேராகத் தபால் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்து எடுத்துவிட்டு, உங்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் என் வீட்டு மணியை அடித்தீர்கள். சுவிஸில், இந்த லாங்கன்தாலில், ஒரே கட்டடத்தில் பதினெட்டு வருடம் இருந்தோம். அந்தப் பதினெட்டு வருடத்தில் செருப்பைக் கழற்றாமல் நீங்கள் என் வீட்டுக்குள் வந்தது அன்று ஒரு நாள்தான்.

அதற்கு முந்தியதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

இந்த ஊரில் உங்களைப் பெட்டி கட்டும் பகுதியில் வேலை செய்யும் ஓர் அமைதியான மனிதராகத்தான் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் முறைவைத்துத் துவைக்கும் நிலவறைத் துவைப்பு அறையில் உங்களோடு சேர்ந்து படுக்கை விரிப்பு மடித்த எனக்குத்தான் மற்றக் கதை தெரியும். கொழும்பில் சட்டமா அதிபரின், அதாவது அட்டர்னி ஜெனரலின், கந்தோரில் ஒன்பது வருடம் தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்தவர் நீங்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் மேல் வழக்குப் போடும்போது, குற்றப்பத்திரத்தின் தமிழ்ப் பிரதியை அடித்துக் கொடுப்பது உங்கள் வேலை. அந்தக் கந்தோரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இயந்திரம் நின்று, அடுத்த முறைக்காரர் வந்து கதவில் தட்டும்வரை நிறுத்தமாட்டீர்கள். உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடும் அந்தப் பாவம், "அட்டர்னி ஜெனரல் கீழை போயிட்டார், இனி ஒரு மணித்தியாலத்துக்கு வரமாட்டார்" என்று சிரிப்பார்.

"முதலிலை ஒல்லாந்தன்ரை காலத்திலை அட்வகேட் பிஸ்கால். பிறகு இங்கிலீசுக்காரன் வந்து ராசாவின்ரை அட்வகேட் எண்டான். ராணி வந்தோண்ணை ராணியின்ரை அட்வகேட். கடைசியிலைதான் அட்டர்னி ஜெனரல். பேர்தான் மாறினது தங்கச்சி, மேசை மாறேல்லை" என்பீர்கள்.

அந்த மேசையின் கடமைகளை ஈரத் துணியைப் போட்டுவிட்டு விரல் விட்டு எண்ணுவீர்கள். அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்வது. பாராளுமன்றத்துக்கு வரும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு மாறாக இருக்கிறதா என்று பார்ப்பது. பெரிய குற்றங்களுக்கு மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் வைப்பது. வழக்கை நடத்தக்கூடாது என்று பட்டால் கைவிடுவது. கடைசி விரலை மட்டும் மடிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருப்பீர்கள். "சாட்டுறதுக்கு ஆரும் காணும். விடுறதுக்குத்தான் பெரிய மனுசன் வேணும்" என்பீர்கள். அதைவிட இன்னொன்றை அடிக்கடி சொல்வீர்கள். "அவர் எவ்வளவு பெரியவர் எண்டாலும் எழும்பி நிண்டு நீதிபதிக்குச் சொல்லத்தான் ஏலும். குற்றம் சாட்டுறவர் தீர்ப்பு எழுதேலாது." கோயிலுக்கு வந்தால் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகும் உங்களுக்கு, உண்மையான பக்தி அந்த ஒரு வசனத்தின் மேல்தான் இருந்தது.

பிறகு அந்த வவுனியாக்காரர் வந்தார். ஐம்பது வயது தாண்டியவர். அகதி விண்ணப்பம் கடைசிவரை நிராகரிக்கப்பட்டு, நாட்டை விட்டுப் போகச் சொல்லப்பட்டவர்களுக்கான தங்குமிடத்தில் இருமிக்கொண்டு கிடந்தார். கோயிலில் அன்னதான வரிசையில் நின்றவரை ஒரு சாப்பாட்டுக்கென்று வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள். சாப்பிட்டுவிட்டு உங்கள் சோபாவில் உட்கார்ந்து அவர் தன் கதையைச் சொன்னாராம். ஒரு வழக்கில் ஆறு வருடம் விளக்கமறியலில் இருந்ததாகவும், பிறகு வழக்கைக் கைவிட்டுத் தன்னை வெளியில் விட்டதாகவும் சொன்னாராம். எந்த வருடம் குற்றப்பத்திரம் தந்தார்கள் என்று கேட்டீர்களாம். அவர் வருடத்தைச் சொன்னதும் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழும்பிக் குசினிக்குப் போய்விட்டீர்களாம்.

அடுத்த துவைப்பு நாளில் எனக்குச் சொன்னீர்கள். அன்று ஒரு துணியும் மடிக்கவில்லை.

"அந்த வருசம் நான் அங்கைதான் இருந்தனான். தமிழிலை அடிக்கிறதுக்கு மூண்டு பேர். மூண்டு பேரிலை ஒராள்தான் அந்தாளின்ரை கடதாசியை அடிச்சிருக்கவேணும்."

"நீங்கள்தானோ அண்ணை?"

"தெரியாது. எத்தினை அடிச்சிருப்பன். பேர் ஒண்டும் ஞாபகமில்லை. அந்தாள் செய்தாரோ செய்யேல்லையோ, அதுவும் எனக்குத் தெரியாது."

அவர் உங்கள் வீட்டில் நான்கு மாதம் இருந்தார். சோபாவில் படுத்தார், அக்காவின் இரசத்தைக் குடித்தார், கூச்சத்தோடு நடந்தார். மூன்றில் ஒரு பங்கு சந்தேகத்துக்காக ஒரு மனிதர் நான்கு மாதம் இன்னொருவரை வீட்டில் வைத்திருப்பாரா என்று நான் எனக்குள் சிரித்திருக்கிறேன். ஓல்டன் ஸ்டேசனில் ரயிலில் டிக்கெட் பார்த்தபோது அவரைப் பிடித்தார்கள். இருப்பிடம் கேட்டதற்கு உங்கள் விலாசத்தைக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நாளில் அவரை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். வதிவிட உரிமை இல்லாத ஒருவரைத் தங்கவைப்பது இங்கே குற்றம். பொலிஸ் கூப்பிட்டபோது மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய், தொழிற்சாலையில் பழகிய ஜெர்மன் மொழியில், உங்கள் டொச்சில், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு வந்தீர்கள். என்ன காரணம் என்று அவர்கள் கேட்கவில்லை. "அது கோட்டிலை கேப்பினம்" என்று திருப்தியாகச் சொன்னீர்கள்.

அதன் பிறகுதான் அந்தப் பதிவுத் தபால் வந்தது.

என் வீட்டு மேசையருகே உட்கார்ந்து கடிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டீர்கள். என் கையில் தரவில்லை. மேலே வழக்குத்தொடுநர் கந்தோரின் முத்திரை இருந்தது. முதல் பக்கத்தை விரலால் தட்டி, "வந்திட்டுது தங்கச்சி. இதுதான் இவையின்ரை குற்றப்பத்திரம். இனி நீதிமன்றம் திகதி தரும்" என்றீர்கள். உங்கள் முகத்தில் பயம் இல்லை. நல்ல செய்தி வந்தவர் மாதிரி இருந்தீர்கள்.

அது குற்றப்பத்திரம் இல்லை, அண்ணை. தலைப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. அது தண்டனைக் கட்டளை. மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நான் எடுத்த பயிற்சியில் இதைத்தான் முதலில் சொல்லித் தந்தார்கள். முன்பு இந்த மாநிலத்தில் விசாரணை நீதிபதி என்று தனியாக ஒருவர் இருந்தாராம். நாடு முழுவதுக்கும் ஒரே நடைமுறைச் சட்டம் வந்தபோது அந்தப் பதவி போய்விட்டது. விசாரிப்பதும் சாட்டுவதும் வழக்குத்தொடுநரின் கந்தோருக்கே வந்தன. சிறிய வழக்குகளில் தண்டனையையும் அவரே எழுதி அனுப்பலாம், ஆளைக் கூப்பிட்டுக் கேட்காமலே. பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால்தான் நீதிமன்றம் போக வழி உண்டு. தெரிவிக்காவிட்டால் அந்தத் தாளே தீர்ப்பு. இந்த நாட்டில் பெரும்பாலான வழக்குகள் இப்படித்தான், ஒரு நீதிபதியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் முடிகின்றன.

இவ்வளவும் தெரிந்த நான் அன்று உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். சீனி காணுமோ என்று கேட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு இத்தனை மாதமாகக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். சட்டமா அதிபரின் கந்தோரில் இருந்த உங்களுக்கு நான் சட்டம் சொல்வதா என்ற கூச்சம் ஒன்று. பத்து நாள் தவணை எழுதியிருக்கும் கடைசிப் பக்கத்தை நீங்கள் வாசித்திருப்பீர்கள், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது என்று நினைத்தது இன்னொன்று. மொழிபெயர்ப்பாளர் சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது என்ற விதி மூன்றாவது. மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றுக்கும் அடியில் கிடந்தது வேறு. இங்குள்ள வழக்குத்தொடுநர் கந்தோரின் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் என் பெயர் இருந்தது. கிழமைக்கு ஒரு தடவையாவது கூப்பிடுவார்கள். அவர்களுடைய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு நான் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தேன் என்று தெரிந்தால் என் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். எவரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகத்தான் பயந்தேன்.

நீங்கள் எழுதத் தொடங்கினீர்கள். நீதிபதிக்குச் சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் எழுதி, பிறகு டொச்சில் எழுதி, அகராதி பார்த்துத் திருத்தி, அக்காவை எதிரில் இருத்தி வாசித்துக் காட்டினீர்களாம். "என்னை நீதிபதி எண்டு நினைக்கச் சொல்லுறார், எனக்குச் சோறு வெந்துகொண்டிருக்கு" என்று அக்கா என்னிடம் முறைப்பட்டார். நான் அதற்கும் சிரித்தேன். என்னால் அப்போதெல்லாம் எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இப்போது விளங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அந்தத் தாள்களை என்னிடம் கொண்டு வந்தீர்கள், டொச் சரியா என்று பார்க்க. அன்றுதான் வாய் திறந்தேன்.

"அண்ணை, எதிர்ப்புக் கடிதம் போட்டனீங்களோ?"

"என்னத்துக்கு? நான் செய்தனான் எண்டு ஒப்புக்கொண்டிட்டன். எதிர்க்கிறதுக்கு என்ன இருக்கு? ஏன் செய்தனான் எண்டுதான் சொல்லவேணும்."

"பத்து நாள் முடிஞ்சுது அண்ணை. இனிக் கோட்டு இல்லை. அந்தக் கடிதம்தான் தீர்ப்பு."

நீங்கள் உடனே நம்பவில்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தீர்கள். "எழுதினது ஆர்? வழக்குத்தொடுநர்தானே?" என்றீர்கள். ஓம் என்றேன். "சாட்டினவரே தீர்ப்பும் எழுதினவரோ?" என்றீர்கள். ஓம் அண்ணை, இஞ்சை அப்பிடித்தான் என்றேன். அதன் பிறகு என்னை ஒரு கேள்வி கேட்டீர்கள். "உங்களுக்கு இது முதலே தெரியுமோ?"

நான் உங்கள் தாள்களை அடுக்கத் தொடங்கினேன். நீங்கள் திரும்பக் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை இரண்டு பேரும் ரயிலேறி வழக்குத்தொடுநர் கந்தோருக்குப் போனோம். நீங்கள் நீதிமன்றத்துக்கென்று வைத்திருந்த கறுப்புச் சட்டையைப் போட்டு வந்தீர்கள். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் பெண் இருந்தாள். என்னைக் கண்டதும் தெரிந்த முகம் என்று சிரித்தாள். கோப்பைப் பார்த்துவிட்டு, தவணை முடிந்துவிட்டது, கட்டளை சட்டப்படி உறுதியாகிவிட்டது என்றாள். தவணையை மீட்டுத் தரும்படி விண்ணப்பிக்கலாம், ஆனால் விளங்கவில்லை என்பது காரணமாகாது, விபத்து, கடும் நோய் போல ஏதாவது இருக்கவேண்டும் என்றாள். "விளங்கேல்லை எண்டு நான் எழுதவும் மாட்டன்" என்று நீங்கள் எனக்குத் தமிழில் சொன்னீர்கள். வழக்குத்தொடுநர் விரும்பினால் இதைக் கைவிடலாமா என்று கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். முடிந்த வழக்கை எப்படிக் கைவிடுவது என்று அவள் வியப்போடு பார்த்தாள். "நீங்கள் நீதிமன்றம் போகத் தேவையில்லை. சந்தோசப்படுங்கள், எல்லாம் முடிந்துவிட்டது" என்றாள். கெட்ட மனதோடு சொல்லவில்லை.

அப்போதுதான் நீங்கள் கதைத்தீர்கள். முப்பது வருடம் டொச் கதைத்த நீங்கள் அன்று தமிழில் கதைத்தீர்கள், நான் சொல்வேன் என்று. கையில் தாள் இல்லை. கைகளைப் பக்கத்தில் வைத்து நிமிர்ந்து நின்றீர்கள்.

"நான் எங்கடை நாட்டிலை சட்டமா அதிபரின்ரை கந்தோரிலை ஒன்பது வருசம் தமிழிலை அடிச்சனான். மூண்டு பேர் அடிச்சனாங்கள். அந்தக் கந்தோரிலையிருந்து வந்த கடதாசியிலை இந்த மனுசன் ஆறு வருசம் உள்ளை இருந்தவர். அவருக்கு வாசிக்கத் தெரிஞ்ச ஒரே பிரதி எங்களிலை ஒராள் அடிச்சது. அது நானோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாதபடியால்தான் வீட்டிலை வைச்சிருந்தனான். நானில்லை எண்டு தெரிஞ்சிருந்தால் வைச்சிருப்பனோ எண்டும் தெரியாது. தண்டனையைக் குறைக்கச் சொல்லி நான் வரேல்லை. அதைத் தாறன். ஆனால் நான் அதைச் செய்ததுக்கு வருந்தேல்லை. இதை ஒரு நீதிபதி ஒருக்காலாவது கேக்கவேணும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை இதே கட்டடத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது.

"செய்ததற்கு வருந்துகிறார்" என்று டொச்சில் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டி, அடுத்தவரைக் கூப்பிட்டாள். நீங்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். உங்களுக்கு டொச் தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேனா, தெரிந்துதான் சொன்னேனா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. நீங்கள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம், அண்ணை. அந்த வரிசைக்கு முன்னால் வைத்து என்னை ஏசியிருக்கலாம். நீங்களே திரும்பி உங்கள் டொச்சில் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். நீங்கள் ஒன்றும் செய்யாமல் என் பின்னால் வெளியே வந்தீர்கள்.

ரயிலில் சன்னல் பக்கம் இருந்தீர்கள். வயல்களில் பனிப்புகார் கிடந்தது. லாங்கன்தால் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "நீங்கள் அந்தக் கந்தோருக்குப் போய்வாற ஆள், தங்கச்சி. எனக்கு விளங்குது" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். அந்த நாளுக்குப் பிறகு துவைப்பு அறையில் கந்தோர்க் கதை இல்லை. காலநிலையும் துணிமணியும் கதைத்தோம். அந்த மேசையின் கடமைகளை நீங்கள் விரல் விட்டு எண்ணி நான் பிறகு பார்க்கவில்லை.

அதிலிருந்து ஆறாம் மாதம், உங்கள் துவைப்பு முறை நாளில், கீழே இயந்திரத்துக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தீர்கள். மாரடைப்பு என்றார்கள். தகனத்தன்று தொழிற்சாலையிலிருந்து வந்த சுவிஸ்காரர்களுக்காக டொச்சில் இரண்டு வார்த்தை சொல்லும்படி அக்கா என்னைத்தான் கேட்டார். நேர்மையானவர், நேரம் தவறாதவர் என்று சொன்னேன். அவர்கள் தலையை ஆட்டினார்கள். நீங்கள் சொல்ல நினைத்ததைச் சொல்ல எனக்கு இரண்டாவது தடவையாக ஒரு நேரம் கிடைத்திருந்தது. அதையும் அப்படித்தான் விட்டேன். நீங்கள் எழுதிய தாள்கள் எங்கே என்று அக்காவிடம் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறது. விட்டுவிட்டேன், வெட்கத்தில் அந்தப் பக்கமே போவதில்லை என்று உங்களுக்கு எழுத ஆசைதான். பொய். போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்றும் போனேன். ஒரு விபத்து வழக்கு. காரோட்டிய தமிழ்ப் பெண் அழுது அழுது சொன்னதை நான் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன். வழக்குத்தொடுநர் கவனமான மனிதர். எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்து, "இவ்வளவுதான் சொன்னாரா?" என்று கேட்டார். ஓம், ஒரு சொல்லும் விடவில்லை என்றேன். அது உண்மை.

அன்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று இத்தனை மாதமும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். நேற்று அந்தக் கதிரையில் இருந்தபோது அந்தத் தேறுதலும் போய்விட்டது. அவள் கேட்டிருந்தாலும், அண்ணை, ஓம், இவ்வளவுதான் சொன்னார் என்றுதான் நான் சொல்லியிருப்பேன்.